ஜப்பானிலிருந்து பாவித்த கார்: பணம் கட்டும் முன் ஏலத்தாளைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து எமது ஆசிரியர் ஓய்வறையில் கார்ப் பேச்சுக்குக் குறைவில்லை. ஓய்வுபெறப் போகும் ஆசிரியர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்கும் பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "சேர், ரீகண்டிஷன் வாகனத்தை நம்பி எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் விற்பவரின் வாயை நம்பியல்ல, கடதாசியை வாசித்து.

பக்கத்து இந்தியாவிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். ஆனாலும் எமது வீதிகளில் ஓடும் ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்தே வருகின்றன. அங்கு புதிய காருக்கு முதலாவது கட்டாயப் பரிசோதனை 3 வருடத்தில் வரும். அதற்குச் செலவழிக்க விரும்பாத பலர் காரை விற்றுவிடுகிறார்கள். அவை ஏலத்துக்குப் போகின்றன.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காரையும் பரிசோதகர் ஒருவர் பார்த்து ஒரு தாள் எழுதுவார். அதுதான் ஏலத்தாள். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தரப்புள்ளி. 4.5 என்றால் மிக நல்ல நிலை, 4 நல்லது, 3.5 என்றால் கீறல், நசிவு கூடுதலாக இருக்கும். 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது.

இரண்டாவது, காரின் படம். 'ஏ' கீறலையும், 'யூ' நசிவையும், 'டபிள்யூ' திருத்தி வர்ணம் பூசிய இடத்தையும், 'எக்ஸ்எக்ஸ்' மாற்றிய பாகத்தையும் குறிக்கும். எழுத்தை அடுத்துள்ள எண் கூடினால் பாதிப்பும் கூட.

மூன்றாவது, ஓடிய கிலோமீற்றர். இங்கே மீற்றரில் தெரிவது தாளில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வியாபாரத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.

தாளையும் போலியாகச் செய்வார்கள். ஆகவே செசி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் பெற்று ஏலப் பதிவைச் சரிபார்த்துத் தரும் இணையச் சேவையொன்றில் நீங்களே பாருங்கள். விற்பவர் அனுப்பும் வாட்ஸ்அப் படம் போதாது.

வயதிலும் கவனம் தேவை. கார் உற்பத்தி செய்யப்பட்டு 3 வருடத்துக்கு மேற்படக் கூடாது என்பது 2025இல் வந்த விதி. ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பதோ முதற்பதிவு மாதம். கார் உற்பத்தியாகிப் பல மாதம் கழித்துப் பதிவாகியிருக்கலாம். உற்பத்தி மாதத்தைச் செசி இலக்கத்தை வைத்து உறுதிசெய்யாமல் வங்கியில் எல்.சி. திறக்க வேண்டாம்.

வரிதான் விலையின் பெரும்பகுதி. 2025 ஜனவரி வர்த்தமானியின்படி 1,000 சீசீக்கு உட்பட்ட பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி சீசீ ஒன்றுக்கு 2,450 ரூபா. 1,300 முதல் 1,500 சீசீ வரை 4,450 ரூபா. அதாவது 998 சீசீ காருக்கு 24,45,100 ரூபா, 1,496 சீசீ காருக்கு 66,57,200 ரூபா. இதற்கு மேல் சுங்கத் தீர்வையும் 18 வீத வற் வரியும் சேரும். வீதங்கள் மாறக்கூடியவை, எனவே எல்.சி. திறக்கும் நாளில் உள்ளதைச் சுங்கத்தில் கேட்டறியுங்கள். சீசீயில் சிறு வித்தியாசம்கூட ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவை விழுங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பணிக்கொடை முழுவதையும் போட்டு ஒரு கார் எடுத்தார். விற்பனையாளர் ஏலத்தாளைக் காட்டவேயில்லை. முதல் சர்விஸுக்குக் கொண்டுபோனபோதுதான் முன்பக்கம் வெட்டி ஒட்டியது என்று மெக்கானிக் சொன்னார். பணம் திரும்பவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் முறையிடவும் வழியில்லை.

குறையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் மோசடி. அது வியாபாரிக்குத் தெரியாத விடயமல்ல. ஆனாலும் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. பதிவுக்கான ஆவணங்களுடன் ஏலத்தாளின் பிரதியையும் வாங்குபவருக்குக் கையளிப்பதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாமே கேட்போம். தாளைக் காட்ட மறுப்பவரிடம் முற்பணமாக ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.