மூடிக்கு அடியில் ஒரு பற்றாசு

கணிப்பொறிச் செயலியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எத்தனை கோடி டிரான்சிஸ்டர்கள், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை நானோமீட்டர் என்று எண்களால் நிரம்பிய வரலாறு அது. அதே வரலாற்றை வெப்பத்தின் பக்கம் நின்றும் எழுதலாம். அப்படி எழுதப் புகுந்தால் 2012 முதல் 2018 வரையிலான ஆறு ஆண்டுகள் தமக்கெனத் தனி அத்தியாயம் ஒன்றைக் கேட்கும். அந்த அத்தியாயத்தின் மையப் பாத்திரம் ஒரு மில்லிமீட்டரிலும் மெல்லியதோர் அடுக்கு. செயலியை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. காண வேண்டுமானால் செயலியின் மூடியைப் பெயர்த்தாக வேண்டும்.

செயலிக்குள் செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதன் மின்தேவையும் அதே விகிதத்தில் குறையும் என்று 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் வகுத்த விதி முப்பது ஆண்டுகள் இத்துறையைக் காத்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காப்பு நைந்துபோயிற்று. போகிற போக்கில் போனால் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும் ராக்கெட்டின் முனையையும் எட்டிவிடும் என்று 2001இல் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார். 2004 அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவராது என்று அதே நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு வெப்பத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற கேள்வியோடு, பிறந்த வெப்பத்தை வெளியே கொண்டு செல்வது எப்படி என்ற கேள்வியும் சம எடை பெற்றது.

வெப்பம் வெளியேறும் பாதை எளிமையானது. சிலிக்கான் சில்லு, அதன்மேல் நிக்கல் பூசிய செப்பு மூடி, அதற்கு மேல் விசிறியோடு கூடிய உலோகத் தகட்டடுக்கு. ஆனால் எவ்வளவு மழமழப்பான இரு பரப்புகளைச் சேர்த்து வைத்தாலும் இடையில் நுண்ணிய காற்றுப் பைகள் தங்கிவிடும். வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்கு மதிப்பு 400 என்றால் காற்றுக்கு 0.026 மட்டுமே. ஆகவே அந்த இடைவெளியை வேறு ஏதேனும் ஒரு பொருளால் நிரப்பியாக வேண்டும். இத்தகைய இடைவெளிகள் இரண்டு. மூடிக்கும் தகட்டடுக்குக்கும் இடைப்பட்டது வாங்குபவரின் பொறுப்பு. கடையில் பசை வாங்கித் தடவிக்கொள்வார். சில்லுக்கும் மூடிக்கும் இடைப்பட்டது தயாரிப்பாளரின் பொறுப்பு. நம் கதை இந்த இரண்டாவது இடைவெளியைப் பற்றியது.

மூடி எப்போதும் இருந்ததில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பென்டியம் 3, ஆத்லான் செயலிகள் பலவற்றில் சில்லு வெறுமேனியாகவே இருந்தது. தகட்டடுக்கைப் பொருத்தும்போது கை சற்றுப் பிசகினால் சில்லின் மூலை உடைந்துபோகும். இந்தச் சேதத்திலிருந்து காக்கவே மூடி வந்தது. 2000 நவம்பரில் வெளியான பென்டியம் 4 அதனோடு பிறந்தது. ஏஎம்டியின் ஆத்லான் 64 2003இல் அதை ஏற்றது. வாங்குபவரின் நன்மைக்காக வந்த மூடி, அவர் பார்க்க முடியாத ஓரிடத்தையும் சேர்த்தே உண்டாக்கியது.

இரண்டாவது காப்பு, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் ஒரு காணொளி வெளியிட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியிலிருந்து தகட்டடுக்கை அகற்றினார்கள். ஆத்லான் நொடிகளில் கருகிப்போயிற்று. பென்டியம் 4 ஆமை வேகத்துக்கு இறங்கி உயிர் பிழைத்தது. ஏஎம்டியும் பின்னர் அவ்வகை ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தது. வெப்பத்தால் செயலி செத்துப்போவது அரிதாயிற்று. செத்தால்தானே வாங்கியவர் கேள்வி கேட்பார்? வேகம் சற்றுக் குறைந்தால், விசிறி சற்று இரைந்தால், யார் காரணம் கேட்கப் போகிறார்கள்?

சில்லையும் மூடியையும் இணைக்கச் சிறந்த பொருள் இண்டியம் என்ற மென்மையான உலோகம். 1863இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் ஃபெர்டினாண்ட் ராய்ஷும் தியோடர் ரிக்டரும் அதைக் கண்டறிந்தார்கள். நிறங்களைப் பிரித்தறியும் திறன் ராய்ஷுக்கு இல்லாததால் நிறமாலையைப் பார்க்கும் வேலை ரிக்டருக்கு வாய்த்தது. அவர் கண்ட அவுரி நீலக் கோடே உலோகத்துக்குப் பெயர் தந்தது. அவுரி நீலத்தின் ஐரோப்பியப் பெயரோ இந்தியாவின் பெயரிலிருந்து பிறந்தது. இண்டியம் 157 டிகிரியிலேயே உருகிவிடும். வெப்பக் கடத்தலில் அதன் மதிப்பு ஏறத்தாழ 80. பசைகளின் மதிப்போ பெரும்பாலும் ஒற்றை இலக்கம்.

இவ்வாறு உலோகத்தால் ஒட்டுவதைப் பற்றாசு என்று சொல்லலாம். பொற்கொல்லரின் அந்தச் சொல் யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்கும் பழக்கமானது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் மூன்றாம் சீர் தனிச்சொல்லோடு ஓசை இசையாமல் விலகி நிற்கும்போது, இடையில் ஓரசையோ ஈரசையோ இட்டுப் பொருத்துவார்கள். அந்த அசைகளுக்கு ஆசு என்று பெயர். இரு துண்டுகளை இணைக்கும் பற்றாசு போன்றது என்பதால் வந்த பெயர். ஆசு இடாவிட்டால் வெண்பாவின் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். செயலியில் அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

2011 ஜனவரியில் வந்த இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் பற்றாசு இருந்தது. 2012 ஏப்ரலில் அதன் வாரிசான ஐவி பிரிட்ஜ் வந்தபோது அந்த இடத்தில் பசை இருந்தது. மலிவு விலைச் செயலிகள் சிலவற்றில் முன்பும் பசை இருந்ததுண்டு. இப்போது 300 டாலருக்கும் மேற்பட்ட உயர்நிலைச் செயலிக்கும் அதுவே விதி ஆயிற்று. நான்கு கரு கொண்ட சில்லின் பரப்பு 216 சதுர மி.மீ.யிலிருந்து 160 ஆகச் சுருங்கியது. வெப்ப அளவு 95 வாட்டிலிருந்து 77 ஆகக் குறைந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடியிருப்பது தெரியும். முன்னிலும் நல்ல பாதை தேவைப்பட்ட நேரத்தில் முன்னிலும் மோசமான பாதை கிடைத்தது.

நிர்ணயித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்களே இதை முதலில் உணர்ந்தார்கள். 2012 மே மாதத்தில் ஜப்பானின் பிசி வாட்ச் இணைய இதழ் மூடியைப் பெயர்த்து, உள்ளே இருந்த பசையைத் துடைத்து, வேறு பொருள் இட்டுச் சோதித்தது. உயர் வேகத்தில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் இறங்கியது. பிறகு சவரக் கத்தியாலும் மரக்கட்டை, சுத்தியலாலும் மூடி பெயர்ப்பது உலகெங்கும் பரவிற்று. உத்தரவாதம் போய்விடும், சில்லு உடையவும் கூடும் என்று தெரிந்தே செய்தார்கள். இவர்களின் சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. பசையின் தரத்தைவிட, மூடியின் விளிம்பை ஒட்டிய கறுப்புப் பிசின் மூடியைச் சற்றே தூக்கி நிறுத்தியதால் உண்டான கூடுதல் இடைவெளியே பெரிய குற்றவாளி. ஆக, பொருளோடு கைவினையிலும் கவனம் குறைந்திருந்தது.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. சிலிக்கானில் இண்டியம் நேரடியாக ஒட்டாது. சில்லின் முதுகில் டைட்டானியம், நிக்கல், தங்கம் போன்ற உலோகங்களை நுண்ணடுக்குகளாகப் பூச வேண்டும். மூடியின் உட்புறத்துக்கும் தங்கப் பூச்சு வேண்டும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது பற்றாசில் விரிசல் விழலாம்; சிறிய சில்லுகளில் அந்த அபாயம் அதிகம் என்ற வாதமும் உண்டு. வெப்பநிலை வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற இன்டெல்லின் விளக்கமும் பொய்யன்று. பசையே பாவம் என்றும் சொல்ல முடியாது. 2018இல் ஏஎம்டி 99 டாலருக்கும் 169 டாலருக்கும் விற்ற இரு செயலிகளில் பசைதான் இருந்தது. அந்த விலைக்கு அது பொருந்தும்.

ஆனால் விரிசல் வாதத்தை நிகழ்வுகளே தளர்த்திவிட்டன. 2014இல் மேம்பட்ட பசை என்ற விளம்பரத்தோடு ஒரு செயலியை இன்டெல் கொண்டுவந்தது. குறை இருந்ததற்கு அதுவே ஒப்புதல் போலாயிற்று. அதுவரை பற்றாசைக் கைவிடாதிருந்த மிக உயர்ந்த வரிசையிலும் 2017இல் பசை புகுந்தது. 18 கரு கொண்ட, 1999 டாலர் விலையுள்ள செயலியின் பெரிய சில்லுக்கு விரிசல் பயம் எவ்வாறு பொருந்தும்? அதே ஆண்டு மே மாதம், வெப்பநிலை திடீர் திடீரென ஏறுகிறது என்று ஐ7-7700கே வாங்கியவர்கள் முறையிட்டபோது, வரையறுத்த வேகத்தைத் தாண்ட வேண்டாம், மூடியையும் கழற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. வேகத்தை உயர்த்திக்கொள்ளும் வசதிக்காகவே கூடுதல் விலை வைத்து விற்கப்பட்ட செயலி அது.

போட்டியின் வரலாற்றை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 2011 அக்டோபரில் ஏஎம்டியின் புல்டோசர் செயலி ஏமாற்றம் அளித்தது; ஆறு மாதத்தில் இன்டெல்லின் மூடிக்கு அடியில் பசை வந்தது. 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் செயலிகளோடு மீண்டு வந்தது; அவற்றில் பற்றாசு இருந்தது. 2018 அக்டோபரில் இன்டெல்லின் ஐ9-9900கே வெளிவந்தபோது, பற்றாசு திரும்பிவிட்டது என்பது அதன் விளம்பரங்களிலேயே இடம்பெற்றது. ஆறு ஆண்டுகள் சத்தமின்றி இல்லாமலிருந்த ஒன்று, திரும்பி வந்தபோது சிறப்பம்சமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் காலப் பொருத்தம் நோக்கத்தை நிரூபித்துவிடாது. எனினும் பொறியியல் காரணம் மட்டுமே இருந்திருந்தால், போட்டியாளர் மீண்ட அடுத்த ஆண்டே அது மறைந்தது விந்தைதான்.

வெப்பத்தால் வெடித்த சில்லுகளோ வழக்குகளோ இந்தக் கதையில் இல்லை. 2008இல் என்விடியா தன் மடிக்கணினிச் சில்லுகளின் பொதிப் பொருள் பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்ததற்குக் காரணம், அவை கண்ணெதிரே செத்துப்போனதுதான். இங்கே எதுவும் சாகவில்லை. மூடி மறைத்தது, தானே வேகம் குறைக்கும் ஏற்பாடு தாங்கிக்கொண்டது. வாங்குபவரைக் காக்க வந்த இரண்டு ஏற்பாடுகளும் விற்பவரின் சிக்கனத்துக்குத் திரையாயின. ஒரு செயலிக்குச் சிறு தொகை மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சத்தின் விலை விசிறியின் இரைச்சலாகவும் இழந்த வேகமாகவும் லட்சக்கணக்கான மேசைகளில் பங்கிடப்பட்டது. எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாகவில்லை. அதைப் பதிவு செய்தவர்கள், தாம் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கத்தியால் திறந்து பார்த்த சிலர் மட்டுமே.