தக்காணத்துத் துப்பாக்கிக் கம்மியர்: தேர்வும் பெயர்ப்பதிவும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்தது. பீரங்கி என்பது பரங்கியர் பெயரோடு உறவுடையது. இரண்டும் அயல்வரவுச் சொற்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல் அயலது என்பதனாலேயே அக்கருவியைச் செய்தளித்த கையும் அயலது என்று கொள்ளும் போக்கு வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. வேட்டைக்கோ போருக்கோ நெடுங்குழல் துப்பாக்கி ஒன்றைச் செய்வித்துக்கொள்ள விரும்பிய மன்னர், அதற்குரிய கம்மியரை எவ்வாறு தேடினர், எதனைக் கொண்டு தேர்ந்தனர் என்று வினவினால் இப்போக்கின் குறைபாடு தெளிவாகும்.

தேர்வின் அளவுகோல் பற்றிய மிக விரிவான சான்று தக்காணத்துக்கு வடக்கே கிடைக்கிறது. அபுல் பசல் இயற்றிய ஆயினி அக்பரி, தீத்திரித் துப்பாக்கி செய்யும் முறையைத் தனிப் பகுதியாகவே கூறுகிறது. தகட்டிரும்பைச் சுருட்டி விளிம்புகளை இணைப்பது பழைய முறை. அதனை விடுத்து, தகட்டைச் சாய்வாக முறுக்கிச் சுற்றி, மடிப்பின்மேல் மடிப்பாகக் காய்ச்சி இணைக்கும் முறை அக்பர் காலத்தில் கைக்கொள்ளப்பட்டது. நீளவாக்கில் ஒரே இணைப்பு உள்ள குழல், மருந்தின் அழுத்தத்தால் அவ்விணைப்பிலேயே பிளக்கும். முறுக்குக் குழலில் இணைப்பு சுற்றிச் சுற்றிச் செல்வதால் அழுத்தம் பரவிவிடுகிறது. குழல்கள் இரண்டு கஜ நீளம்வரை செய்யப்பட்டன என்றும், உஸ்தாத் கபீர், உசைன் ஆகியோர் இத்தொழிலில் தேர்ந்தவர்கள் என்றும் அந்நூல் பெயர் சுட்டிக் கூறுகிறது. 1568இல் சித்தூர் முற்றுகையின்போது செயமல் என்னும் இராசபுத்திரத் தலைவனை அக்பர் சுட்ட துப்பாக்கிக்குச் சங்கிராம் என்று பெயர். துப்பாக்கிக்கே பெயர் இருந்த அவையில் அதைச் செய்தவனுக்கும் பெயர் இருந்தது வியப்பன்று.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒவ்வொரு குழலிலும் இரும்பின் எடை, அது எடுக்கப்பட்ட இடம், செய்தவன் பெயர், செய்த ஊர், நாள், வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டன என்கிறது ஆயினி அக்பரி. இதனைக் கலைஞனுக்குச் செய்த சிறப்பு என்று மட்டும் கொள்ளலாகாது. குழல் வெடித்தால் சுடுபவன் கையும் முகமும் போகும். எவன் செய்தது, எவ்வூர் இரும்பு என்று பின்னர்த் தேடுவதற்கு அப்பொறிப்பு உதவும். பெயர்ப்பதிவு இவ்வகையில் புகழுக்கும் பொறுப்புக்கும் பொதுவானது.

தக்காணத்தில் பெயர் தெரிகின்ற வார்ப்போர் பலரும் மேற்கிலிருந்து வந்தோராக உள்ளனர். பீசப்பூரிலுள்ள மாலிக்கி மைதான் பீரங்கி 1549இல் அகமதுநகரில் வார்க்கப்பட்டது. வார்த்தவர் முகம்மது பின் உசைன் ரூமி. ரூமி என்னும் அடை துருக்கியப் பேரரசின் நிலப்பகுதியைச் சுட்டும். கோல்கொண்டாக் கோட்டைக் கொத்தளங்களில் இன்றும் கிடக்கும், ஔரங்கசீப்பின் பெயர் பொறித்த பெரும் பீரங்கிகளில் முகம்மது அலி அரபு என்னும் பெயர் காணப்படுகிறது. இவை வெண்கல வார்ப்புகள். வெண்கலத்தில் எழுத்தை வார்ப்போடு சேர்த்தே அமைத்துவிடலாம் என்பதையும் மறத்தலாகாது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட சக்கிமுக்கித் துப்பாக்கிகளிலும் செய்தவர் பெயர், ஊர், மௌலூதி ஆண்டு ஆகியன உண்டு. ஒரே குழலில் இரண்டு வெடி அடுத்தடுத்து இடத்தக்கதாக 1793-94இல் செய்யப்பட்ட ஒன்று அசத் கான் முகம்மது என்பவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

கோனசமுத்திரத்துக் கொல்லர்

அரண்மனைப் பட்டறையை விட்டு ஊர்ப்புறத்து உலைக்களத்துக்கு வந்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. இன்றைய தெலங்கானாவின் நிசாமாபாத் மாவட்டத்திலுள்ள கோனசமுத்திரம், படைக்கலங்களுக்குரிய உயர்தர உருக்கினால் பாரசீகம்வரை அறியப்பட்ட ஊர். பெரும் நில அளவைப் பணியில் மருத்துவராகவும் நிலவியலாளராகவும் இருந்த என்றி வாய்சி அங்கு நேரில் கண்டவற்றை எழுதினார். அவர் 1824இல் மறைந்தார். கட்டுரை 1832இல் ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. அடைப்பட்ட மண்குகைகளை உலையில் வைத்து ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் துருத்தி ஊதினர். கிடைத்த உருக்குக் கட்டி ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை பவுண்டு. பின்னர் அதனை மண்பூசிப் பன்னிரண்டு முதல் பதினாறு மணிநேரம் மீண்டும் சூடேற்றினர். வேண்டிய மென்மை வரும்வரை அவ்வாறே திரும்பச் செய்தனர்.

பாரசீக வணிகர் அவ்வூரிலேயே வந்து தங்கி, கலவை எடையைத் தாமே பார்த்து, உருக்கைத் தாமே சோதித்து வாங்கினர் என்னும் வாய்சியின் குறிப்பே நம் பொருளுக்கு இன்றியமையாதது. பல நூறு கல் தொலைவிலிருந்து வந்தவர் பொருளை மட்டும் வாங்கிச் செல்லாமல் உலையருகே அமர்ந்தமைக்குக் காரணம், அத்தொழில்நுட்பத்தைத் தம் நாட்டில் செய்துபார்த்துத் தோற்றமையே. கம்மியரைத் தேர்தல் என்பதன் முழுப்பொருளும் இங்கு உள்ளது. ஆயினும் அக்கொல்லர் ஒருவரின் பெயரும் அக்கட்டுரையில் இல்லை.

இக்கட்டுரை கூறும் கலவையில் மிர்தபள்ளி இரும்பு மூன்று பங்கு, கொண்டாப்பூர் இரும்பு இரண்டு பங்கு. இக்கொண்டாப்பூரை ஐதராபாத்தின் மேற்கிலுள்ள இன்றைய கொண்டாப்பூர் என்று கொள்ள இடமில்லை. வாய்சி கூறும் ஊர் உலைக்களத்திலிருந்து இருபது கல் தொலைவினது. ஐதராபாத்தின் கொண்டாப்பூரோ 150 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. 1941-42இல் அகழாய்வு செய்யப்பட்டுச் சாதவாகனர் காசுகள் கிடைத்த கொண்டாப்பூரும் வேறு. குன்றை அடுத்த ஊர்க்கெல்லாம் இப்பெயர் வழங்கும் நிலப்பகுதியில் பெயரொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்வது இடர் தரும்.

தமிழகத்திலும் இதே பெயரின்மை காணப்படுகிறது. தஞ்சையின் கிழக்கே பீரங்கி மேட்டிலுள்ள பெரும் பீரங்கி நாயக்கர் காலத்தது. ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமுடையது. இது வார்ப்பன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்து இணைத்தது என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டினார். வளையம் ஒவ்வொன்றையும் சூடு ஆறுமுன் ஏற்றி அடிக்கப் பலர் ஒரே கணத்தில் இயங்கவேண்டும். அத்தகைய குழுவை ஒருங்கிணைத்த தலைமைக் கொல்லர் யார் என்பதைச் சொல்லும் எழுத்து அப்பீரங்கியில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தேர்வின் தன்மையே மாறிவிட்டது. நிசாம் அலி கானின் படைத்தலைவராயிருந்த பிரெஞ்சுக்காரர் ரேமோன் 1795இல் ஐதராபாத்தில் நிறுவிய வார்ப்பகம் பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் தொகையாகச் செய்தது. தோப் கா சாஞ்சா எனப்படும் அதன் இடிபாடும், கன்பவுண்டரி என்னும் பகுதிப்பெயரும் இன்றும் உள்ளன. அங்கு நிசாம் தேர்ந்தெடுத்தது ஒரு கம்மியனை அன்று, ஒரு மேலாளரை. ரேமோன் 1798 மார்ச்சில் இறந்தார். அவர் வளர்த்த படை அதே ஆண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டது. தெற்கே 1801 டிசம்பர் 1ஆம் நாள் கிளைவு வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. வாங்குவோர் அற்றுப்போகவே, ஊர்க் கொல்லர்க்குத் துப்பாக்கி வேலை அற்றது. கொழுவும் அரிவாளும் எஞ்சின.

2010இல் பெங்களூர்த் தேசிய உயராய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகமும் இணைந்து வடதெலங்கானாவில் நடத்திய கள ஆய்வு, பழைய உருக்குலைக் களங்களை ஊர் ஊராகப் பதிவு செய்தது. கசடுக் குவியலும் உடைந்த குகைகளும் அவ்வாறு கணக்கில் வந்தன. அவ்வூர்க் கொல்லர் குடும்பங்களின் வழக்காறுகளையும் தொழிற்சொற்களையும் திரட்டுவது மொழித்துறையினர் செய்யவேண்டிய பணி. அதில் தெலுங்கு அறிந்த தமிழாய்வாளர்க்குத் தனி இடமுண்டு. உருக்கு, உலை, குகை, துருத்தி என்னும் சொற்களின் இனச்சொற்களை அவர்களே எளிதில் அடையாளம் காண்பர்.