அயர்லாந்தின் தொலைக்காட்சியும் விளம்பர வருவாயும்

வரலாறு பயில்வோர் அரசர், போர், உடன்படிக்கை ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். ஒரு சமூகம் மாலைப்பொழுதில் எதனைக் கண்டும் கேட்டும் மகிழ்கின்றது, அதற்கு வேண்டிய பொருளை யார் ஈகின்றனர் என்பனவும் வரலாற்றின்பாற்பட்ட வினாக்களே. சனத்தொகை மிகுந்த நாட்டில் தொலைக்காட்சிச் செலவு பல கோடி மக்களிடையே பகிரப்படும். சிறிய நாட்டின் நிலை வேறு. காண்போர் தொகை குறைந்தது என்பதற்காக நாடகமொன்றைத் தயாரிக்கும் செலவு குறைவதில்லை. விளம்பரகாரர் தரும் பணமோ காண்போர் தலைகளை எண்ணியே அளக்கப்படும். இவ்விரு உண்மைகளுக்கிடையே அகப்பட்ட நாடுகளுள் அயர்லாந்தின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது.

1950களில் அயர்லாந்து வறுமையாலும் குடிபெயர்வாலும் மெலிந்திருந்தது. 1961ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கட்டொகை ஏறக்குறைய 28 இலட்சமே. அயற்றீவாகிய பிரித்தானியாவின் ஒளிபரப்பு கிழக்குக் கரையோர மக்களையும் வட எல்லைப்புற மக்களையும் முன்னரே எட்டியிருந்தது. எனவே, தொலைக்காட்சி வேண்டுமா என்பதன்று அரசின்முன் நின்ற வினா. பிறர் தொலைக்காட்சி மாத்திரம் போதுமா என்பதே. எனினும், திறைசேரிக்குச் சுமை நேரலாகாது என நிதியமைச்சு உறுதியாக நின்றது. 1958இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவும் இவ்வரையறைக்குட்பட்டே ஆராய வேண்டியதாயிற்று. சேவையை நடத்தத் தனியார் நிறுவனங்கள் பல முன்வந்தன. ஐரிஷ் மொழி வளர்ச்சிக்குப் பாடுபட்ட கேல் லின் என்னும் அமைப்பும் அவற்றோடு போட்டியிட்டது. முடிவில், ஷோன் லெமாஸின் அரசு அதனைப் பொது நிறுவனமொன்றிடமே ஒப்படைத்தது. அனுமதிக் கட்டணமும் விளம்பர வருவாயும் சேர்ந்து செலவைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1960ஆம் ஆண்டுச் சட்டமோ ஐரிஷ் மொழியை மீட்டெடுத்தலும் தேசிய பண்பாட்டைப் பேணி வளர்த்தலுமாகிய நோக்கங்களை அந்நிறுவனம் மனத்திற் கொள்ளல் வேண்டும் என விதித்தது. சட்டம் ஒரு கடமையைச் சுமத்திற்று. வருவாய் ஏற்பாடு வேறொரு திசைக்கு ஈர்த்தது. பின்னர் எழுந்த பிணக்குகள் பலவற்றின் வித்து இதுவே.

1961 திசெம்பர் 31ஆம் நாளிரவு தெலெஃபீஷ் ஏரன் டப்ளினிலே தொடங்கப்பெற்றது. அன்று உரையாற்றிய சனாதிபதி ஈமன் டி வலெரா, அச்சாதனத்தை அணுவாற்றலோடு ஒப்பிட்டு, அளவிலா நன்மையும் ஈடுசெய்யவியலாத் தீமையும் அதனால் விளையக்கூடும் என எச்சரித்தார். அவ்வச்சம் காரணமற்றதன்று. அமெரிக்கத் தொடர்ப்படமொன்றை வாங்கும் விலை, உள்நாட்டில் ஒரு நாடகத்தைத் தயாரிக்கும் செலவில் ஒரு சிறு பங்கே. ஆதலின், தொடக்க ஆண்டுகளில் ஒளிபரப்பு நேரத்தின் பெரும்பங்கை இறக்குமதிப் படங்கள் நிறைத்தன. ஐரிஷ் மொழிக்குக் கிடைத்தது சிறு இடமே.

ஆயினும் விளம்பரம் தீமையே பயந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1962 யூலை மாதத்தில் கே பேர்ண் நடத்தத் தொடங்கிய 'தி லேட் லேட் ஷோ' என்னும் உரையாடல் நிகழ்ச்சி, செலவு குறைந்ததாயினும் நாட்டையே தொலைக்காட்சிப் பெட்டியின்முன் கூட்டிற்று. மணவாழ்க்கை, சமயம், அரசியல் பற்றி அதுவரை வெளிப்படையாகப் பேசப்படாதன பல அங்கே பேசப்பட்டன. 1965 முதல் 1979 வரை ஒளிபரப்பான 'தி றியோர்டன்ஸ்' என்னும் தொடர்நாடகம் ஒளிப்பதிவுக் கருவிகளை உண்மையான பண்ணைக்கே கொண்டு சென்று, கிராமிய வாழ்வை அம்மக்கட்கே காட்டிற்று. தம் குரலும் தம் மண்ணும் திரையில் தோன்றின் மக்கள் விரும்பிப் பார்ப்பர் என்பதை இவை மெய்ப்பித்தன.

எனினும் விரும்பிப் பார்ப்போர் தொகை மாத்திரமே அளவுகோலாகலாமா என்ற ஐயம் நிறுவனத்துள்ளேயே எழுந்தது. லீலியா டூலன், ஜாக் டௌலிங், பொப் குவின் ஆகியோர் 1969இற் பதவி துறந்து வெளியேறினர். வணிக நோக்கம் பொதுப்பணியின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது என்பதை வற்புறுத்தி மூவரும் அவ்வாண்டிலேயே ஒரு நூலும் வெளியிட்டனர்.

விளம்பரத்தைச் சட்டத்தாற் குறைத்துப் பார்க்கும் முயற்சியும் நிகழ்ந்தது. ஆர்.ரீ.ஈ. எனப் பெயர்பெற்றுவிட்ட பொது நிறுவனத்தின் விளம்பர வருவாய்க்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. தடுக்கப்பட்ட பணம் உள்நாட்டுத் தனியார் ஒலி, ஒளிபரப்பாளரைச் சென்றடையும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால், எதிர்பார்த்த தனியார் தொலைக்காட்சி 1998 வரை தோன்றவில்லை. பொது நிறுவனம் நலிந்ததேயன்றி உள்நாட்டுத் தயாரிப்புப் பெருகவில்லை. 1993இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. பிறநாட்டு ஒளிபரப்பு எல்லை கடந்து வரும் சிறு நாட்டில், ஓரிடத்து விளம்பரத்தைத் தடுத்தால் அப்பணம் வேண்டிய இடத்துக்கே செல்லும் என்பதற்கு உறுதியில்லை.

மொழிக்குரிய கடன் முப்பத்தைந்து ஆண்டுகள் நிலுவையாய்க் கிடந்தது. 1987இல் மேற்குக் கரைப்பகுதியாகிய கொனமாராவில், ஐரிஷ் பேசும் ஊர் மக்கள் அனுமதியின்றியே தம் மொழியிற் சில நாள் ஒளிபரப்பிக் காட்டினர். சிறு செலவிலும் இது கூடும் என்பதை அச்செயல் உணர்த்திற்று. அமைச்சர் மைக்கல் டி. ஹிக்கின்ஸின் முயற்சியால் 1996 ஒக்டோபர் 31ஆம் நாள் ஐரிஷ் மொழிக்கெனத் தனி அலைவரிசை பிறந்தது. 1999இல் ரீ.ஜீ. 4 எனப் பெயர் மாற்றம் பெற்று, 2007இல் தனி நிறுவனமாயிற்று. விளம்பரம் அதன் செலவின் சிறு பகுதியையே தாங்கிற்று. பெரும்பகுதியை அரசே தாங்கியது. நாள்தோறும் ஒரு மணிநேர நிகழ்ச்சியை அதற்கு வழங்கும் பொறுப்பு ஆர்.ரீ.ஈ.க்கு உரியதாயிற்று. தலைகளை எண்ணும் சந்தையில் அவ்வலைவரிசை ஒருபோதும் பிறந்திராது.

இருபத்தோராம் நூற்றாண்டு பழைய ஏற்பாட்டின் இரு தூண்களையும் அசைத்தது. பிரித்தானியச் செய்மதி அலைவரிசைகள் அயர்லாந்துக்கெனத் தனி விளம்பரங்களை விற்றன. இணையம் எஞ்சியதில் ஒரு பங்கைக் கவர்ந்தது. 2008இல் 160 யூரோவாக நிர்ணயிக்கப்பட்ட அனுமதிக் கட்டணம் பல ஆண்டுகள் உயராமலே நின்றது. 2023இல் நிறுவனத்தின் கொடுப்பனவுகள் சில முறையாக வெளிப்படுத்தப்படவில்லை என்பது தெரியவர, மக்களின் நம்பிக்கை தளர்ந்தது. பலர் கட்டணம் செலுத்தாது விட்டனர். ஈற்றில், 2024இல் அரசு மூன்றாண்டுகளுக்கென 72.5 கோடி யூரோ வழங்கத் தீர்மானித்தது. திறைசேரிக்குச் சுமை ஆகாது என்று தொடங்கிய வரலாறு திறைசேரியின் வாயிலையே வந்தடைந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? விளம்பரப் பணம் பெரும்பான்மையோரின் விருப்பைத் திறம்பட நிறைவேற்றும். சிறுபான்மையோரின் மொழியையும் தேவையையும் அது அறியாது. அரசுப் பணம் அவற்றைத் தாங்கவல்லது. ஆயின், நேர்மையான கணக்கும் ஆட்சியாளர் தலையீடின்மையும் அதற்குத் துணையாதல் வேண்டும். கட்டணமின்றி வரும் காட்சி எனப்படினும் அதற்குரிய விலையை எவரோ ஒருவர் செலுத்தியே தீர்வர். அவ்விலையைத் தாமே செலுத்த முன்வராத மக்கள் தம் கதைகளைப் பிறர் வாயாற் கேட்க நேரும். அயர்லாந்து இதனை அறிந்துகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.