ஒரு டியூபுக்கு முளைத்த தங்கச் சிறகு

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று நீளும் சிப்காட் வளாகங்களில் ஒரு ஷிப்ட்டில் உருவாகும் பாகங்களை உட்கார்ந்து எண்ணினால் விடிந்துவிடும். கண்ணாடி, டயர், சர்க்யூட் போர்டு, சார்ஜர் எல்லாவற்றுக்கும் பார்ட் நம்பர் உண்டு, பெயர் கிடையாது. பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினால் அதோடு அதன் கதை முடிந்தது. ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்த ஒரு தேசத்தில், ஒரு பாகத்துக்கு மட்டும் செல்லப்பெயர் வாய்த்தது. பெயர் வாய்த்ததும் அது பெண்ணாயிற்று, முதுகில் சிறகு முளைத்தது, உடம்பில் தங்கம் ஏறிற்று. எல்லாம் வியர்வையில்தான் ஆரம்பித்தது.

1930களில் அமெரிக்காவில் தொலைக்காட்சி நடிப்பு என்பது அடுப்படி வேலையைவிடக் கொடுமையானது. அப்போது கேமராவின் கண்ணாக இருந்தது ஐகனாஸ்கோப் என்ற கண்ணாடிக் குழாய். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விளாடிமிர் ஸ்வோரிகின், ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக உருவாக்கியது. அதற்குப் பார்வை மந்தம். ஸ்டூடியோவில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளை வரிசையாக எரித்தால்தான் ஏதோ கொஞ்சம் படம் தெரியும். அந்தச் சூட்டில் நடிகைகளின் ஒப்பனை உருகி வழிந்தது, பாடகர்களுக்கு நாக்கு வறண்டது. இந்த லட்சணத்தில் தொலைக்காட்சி எங்கே வீட்டுக்கு வீடு போய்ச் சேரப்போகிறது என்று பலரும் உதட்டைப் பிதுக்கிய நேரத்தில், உலகப் போர் வெடித்தது.

போர் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. டி.வி. பெட்டித் தயாரிப்பும் நின்றது. ஆனால் ராணுவத்துக்கு ஒரு ஆசை வந்தது: விமானத்திலிருந்து விழும் குண்டுக்கே ஒரு கண் வைத்து, அது பார்ப்பதைத் தொலைவில் உட்கார்ந்து பார்த்தபடி இலக்குக்கு ஓட்டிச் சென்றால் என்ன? குண்டுக்குள் ஸ்டூடியோ விளக்கைக் கட்டி அனுப்ப முடியாது. குறைந்த வெளிச்சத்திலும் பார்க்கும் குழாய் வேண்டும். ஆல்பர்ட் ரோஸ், பால் வைமர், ஹெரால்டு லா என்ற மூன்று ஆர்.சி.ஏ. ஆராய்ச்சியாளர்கள் அதில் மூழ்கினார்கள். கடைசியில் ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளத்தில் ஒரு புதுக் குழாய் பிறந்தது. பெயர் இமேஜ் ஆர்த்திகான். ஐகனாஸ்கோப்பைவிடப் பல மடங்கு கூர்மையான கண். போர் முடிந்த கையோடு அதைப் பொதுவில் காட்டியபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்த முகமே திரையில் தெளிவாகத் தெரிந்தது. குண்டுக்காகச் செய்த கண் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. இனி நடிகர்கள் வேகவேண்டியதில்லை. இன்ஜினியர்கள் இந்தக் குழாயை ‘இம்மி’ என்று செல்லமாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தச் செல்லப்பெயரை வேறொரு ஊரில் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊர் ஹாலிவுட். 1946இல் அங்கே டி.வி.க்கு மரியாதை இல்லை. பெரிய ஸ்டூடியோ முதலாளிகளுக்கு அது வீட்டுக்குள் புகுந்து கூட்டத்தைத் திருடும் பகையாளி. அப்படிப்பட்ட ஊரில் சிட் காசிட் என்ற மனிதர் ஒரு விபரீத யோசனையோடு அலைந்தார். போர்க்காலத்தில் ராணுவத்தின் படப்பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு பாராமவுன்ட் ஸ்டூடியோவில் தளவாட வேலை, கூடவே தொழில் பத்திரிகைக்குக் கட்டுரை. பணமும் கிடையாது, பதவியும் கிடையாது. தொலைக்காட்சியைக் கல்விக்கும் கலைக்கும் உரிய கருவியாக நினைத்தவர், சினிமாவுக்கு அகாடமி இருப்பதுபோல் இதற்கும் ஒரு அகாடமி வேண்டும் என்றார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கூட்டம் சேரவேண்டுமானால் பிரபலமான முகம் ஒன்று வேண்டும். காசிட் கண்ணில் பட்டவரோ, முகத்தால் புகழ் பெற்றவரே அல்ல.

எட்கர் பெர்கன், உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுக்கும் வித்தைக்காரர். அவருடைய சார்லி மெக்கார்த்தி பொம்மையை அமெரிக்கா முழுக்கத் தெரியும். வேடிக்கை என்னவென்றால் அவர் கொடிகட்டிப் பறந்தது வானொலியில். உதடு அசைகிறதா இல்லையா என்று கேட்பவருக்குத் தெரியவே வழியில்லாத இடத்தில், உதடு அசைக்காத வித்தையால் பெயர் வாங்கியவர்! அவரையே தொலைக்காட்சி அகாடமியின் முதல் தலைவராக்கினார்கள். பெயர் பலித்தது, உறுப்பினர்கள் குவிந்தார்கள். அடுத்து வழக்கமான கேள்வி வந்தது: சரி, விருது கொடுப்போம், எதைக் கையில் கொடுப்பது?

சிலை என்று முடிவாயிற்று. வடிவங்கள் வந்தன. குழு பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. இன்னும் வந்தன, அவற்றுக்கும் அதே கதி. இப்படி நிராகரிக்கப்பட்டவை 47. நாற்பத்தெட்டாவது வடிவம் சிற்பியிடமிருந்து வரவில்லை, லூயிஸ் மெக்மானஸ் என்ற தொலைக்காட்சி இன்ஜினியரிடமிருந்து வந்தது. சிறகு விரித்த ஒரு பெண், இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு அணுவை ஏந்தி நிற்கிறாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. தேவலோகத்துப் பெண்ணை எங்கே தேடுவது என்று அவர் அலையவில்லை. மாடலாக நின்றவர் அவருடைய மனைவி டாரதி. உலகப் புகழ் நட்சத்திரங்கள் பின்னாளில் மேடையில் கட்டிப்பிடித்து முத்தமிட்ட அந்த உருவம் ஒரு இன்ஜினியர் வீட்டு அம்மா. நாற்பத்தேழு முறை தலையாட்டி மறுத்த குழு இந்த முறை சரி என்றது. உருவம் கிடைத்தது, ஆனால் பிள்ளைக்குப் பெயர் இல்லை.

காசிட் ‘ஐக்’ என்றார். ஐகனாஸ்கோப்பின் சுருக்கம்தான். கேட்பதற்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் ஐக் என்றால் ஒரே ஒருவர்தான்: போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதி ட்வைட் ஐசனோவர். சிறகு வைத்த அழகிக்குத் தளபதியின் பெயரைச் சூட்டினால் ஊர் சிரிக்கும். அப்போது ஹாரி லூப்கே என்பவர் குறுக்கிட்டார். அவரும் இன்ஜினியர்தான், பின்னர் அகாடமியின் தலைவரானவர். பழைய குழாய்தானே இடைஞ்சல், புதுக் குழாயின் பெயரை வைத்தால் என்ன என்றார். இமேஜ் ஆர்த்திகான், ஸ்டூடியோ பேச்சில் இம்மி. சிலையோ பெண். எனவே இம்மியை லேசாக நெளித்துப் பெண்பெயராக்கினார்கள்: எம்மி. சினிமாவின் ஆஸ்கருக்கு இணையாக உலகம் இன்று சொல்லும் பெயர் அப்படித்தான் ஒரு கேமரா உதிரிபாகத்திலிருந்து வந்தது. ஐசனோவர் ஒரு சாதாரண கர்னலாகவே ஓய்வு பெற்றிருந்தால், ஹாலிவுட்டில் வருடாவருடம் ‘ஐக்’ வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெயரும் ஆயிற்று, சிலையும் ஆயிற்று. இனி விழாவைச் சொதப்பாமல் நடத்தவேண்டியதுதான் பாக்கி.

1949 ஜனவரி 25. ஹாலிவுட் அத்லெடிக் கிளப். டிக்கெட் 5 டாலர். தொகுப்பாளராக வரவேண்டிய பாடகர் ரூடி வாலி வெளியூர் போகவேண்டியிருந்ததால், கடைசி நேரத்தில் வால்டர் ஓகீஃப் என்பவரைப் பிடித்து மேடை ஏற்றினார்கள். தேசம் முழுக்கப் பார்த்த விழா அல்ல, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிலையம் உள்ளூருக்கு ஒளிபரப்பியது. போட்டியும் அந்த வட்டார நிகழ்ச்சிகளுக்குள்தான். மொத்தம் ஆறே விருதுகள். மாப்பசான் எழுதிய ‘நெக்லஸ்’ கதையைப் படமாக்கியவர்களுக்கு ஒன்று. வாயைத் திறக்காமல் ஜாடையால் வார்த்தையைக் கண்டுபிடிக்க வைக்கும் ‘பேன்டமைம் க்விஸ்’ நிகழ்ச்சிக்கு ஒன்று. கே.டி.எல்.ஏ. நிலையத்துக்கு ஒன்று. சார்லஸ் மெசாக் என்ற தொழில்நுட்பக்காரருக்கு ஒன்று. இன்னொன்று மெக்மானஸுக்கே. தான் வரைந்த மனைவியின் உருவத்தைத் தானே பரிசாக வாங்கிக்கொண்டார். நாமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் இவள் இருப்பாள் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார்களாம். மேடைப் பேச்சு என்று அப்போது சிரித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அரங்கம் அதிகம் எதிர்பார்த்திருந்தது, சிறந்த தொலைக்காட்சி ஆளுமை யார் என்ற அறிவிப்பைத்தான்.

ஷர்லி டின்ஸ்டேல். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். அவருக்கும் பிழைப்பு பொம்மைதான்! சிறுவயதில் கடுமையான தீக்காயத்தோடு படுக்கையில் கிடந்தபோது பழகிக்கொண்ட வித்தை. ஜூடி ஸ்ப்ளின்டர்ஸ் என்ற பொம்மையோடு அவர் செய்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஊரில் மவுசு. பொம்மைக்காரர் தலைமையில் தொடங்கிய அகாடமியின் முதல் சிறந்த ஆளுமையும் பொம்மைக்காரி. கதாசிரியர் இப்படி எழுதினால் மிகை என்று வெட்டியிருப்பார்கள். சில ஆண்டுகளில் ஷர்லி திரையை விட்டே விலகினார். பிற்பாடு மூச்சுத்திணறும் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் வேலைக்குப் போனார். எம்மியோ, உள்ளூரைத் தாண்டமுடியாமல் நின்றது.

காரணம் மலையும் தூரமும். கிழக்குக் கரையின் நேரடி ஒளிபரப்பு மேற்குக் கரைக்கு வர வழியில்லை. பிலிமில் பதிவுசெய்து அனுப்பிப் பிறகு போட்டுக் காட்டினார்கள். 1951 செப்டம்பரில் நுண்ணலைக் கோபுரங்கள் இரண்டு கரைகளையும் இணைத்தன. ஒரே இரவில் தேசம் ஒரே திரையானது. எம்மியும் தேசிய விருதானது. 1955 மார்ச் 7 அன்று என்.பி.சி. முதல்முறையாக விழாவைக் கரையிலிருந்து கரைவரை ஒளிபரப்பியது. புகழ் வந்ததும் பங்காளிச் சண்டையும் வந்தது. நியூயார்க்கில் எட் சல்லிவன் ஒரு போட்டி அமைப்பைத் தொடங்கினார், இரண்டும் சேர்ந்தன, 1977இல் வழக்காகிப் பிரிந்தன. மாலை நேர நிகழ்ச்சிகளின் விருது லாஸ் ஏஞ்சலஸுக்கு, பகல் நேரமும் செய்தியும் விளையாட்டும் நியூயார்க்குக்கு என்று பாகப்பிரிவினை ஆனது. இந்தக் களேபரத்தில் ஒரு சாவை யாரும் கவனிக்கவில்லை.

இறந்தது இம்மி. 1960களின் முடிவில் இமேஜ் ஆர்த்திகான் ஸ்டூடியோக்களை விட்டு வெளியேறிவிட்டது. அதைவிடச் சிறிய, மலிவான குழாய்கள் வந்தன, பிறகு அவையும் போய் சிலிக்கான் சில்லு வந்தது. குழாய் போனது, அதன் பெயரைச் சுமந்த சிலை மட்டும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வார்க்கப்பட்டது. செம்பு, நிக்கல், வெள்ளி, கடைசியில் தங்கம். எடை சுமார் 3 கிலோ, உயரம் பதினைந்தரை அங்குலம். அந்தப் பழைய குழாயின் நீளமும் ஏறக்குறைய அதுதான். யாரும் அளந்து பார்த்துச் செய்ததல்ல.

இம்மி பிரசவத்தில் நின்ற மூவரில் ஹெரால்டு லாவின் கைங்கரியம் மட்டும் அதோடு முடியவில்லை. 1950 வாக்கில் அவர், வண்ண டி.வி. பிக்சர் டியூபின் உட்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளை இம்மி பிசகாமல் படியவைக்கும் முறையைக் கண்டார். உலகம் முழுக்க வண்ண டியூப் அந்த வழியில் பெருகியது. அதன் கடைசிப் பெரிய அலைகளில் ஒன்று தமிழ்நாட்டில் அடித்தது. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி தந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, 14 அங்குல டியூப் பெட்டி, ஐந்தாண்டுக்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பின்புறம் பானை வயிறு தள்ளிய அந்தப் பெட்டிகள் குடிசைகளில் ஏறிக்கொண்டிருந்த அதே சமயம், ஸ்ரீபெரும்புதூர் சுங்குவார்சத்திரம் பக்கம் புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது.

2007 நவம்பரில் அங்கே சாம்சங் நிறுவனத்தின் ஆலை திறந்தது. தொலைக்காட்சியும், பிறகு ஃப்ரிட்ஜும் வாஷிங்மெஷினும். பானை வயிறு சில ஆண்டுகளில் காணாமல் போய், சுவரில் மாட்டும் தட்டைத் திரைகள் கன்டெய்னர் ஏறின. அந்தத் திரைகளில் ஓடிய இந்தியக் கதை ஒன்று எம்மியைத் தொடும் நாளும் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே தயாராகும் நிகழ்ச்சிகளுக்கென்று சர்வதேச எம்மி தனியாக இருந்தது. 2020 நவம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான அந்த விருதை ‘டெல்லி கிரைம்’ பெற்றது. அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் வெற்றி. கொரோனா காலம் என்பதால் விழாவில் கூட்டமில்லை. வென்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து திரையில் தோன்றி நன்றி சொன்னார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் தொழிலாளர்களும் நாலு வருடம் கழித்துச் செய்தித் திரையில் தோன்றினார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டி நீண்டது. சம்பளம், வேலைநேரம் எல்லாம் இருந்தாலும் பேச்சு மீண்டும் மீண்டும் வந்து முட்டியது அவர்கள் தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்வதில். நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கலாமா கூடாதா என்பது தகராறின் நடுவே நின்றது. ஹாலிவுட்டில் ஒரு குழாயின் பெயரைக் குழு கூடிப் பேசியே சிலைக்கு வைத்துவிட்டார்கள். இங்கே விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, சாம்சங் என்ற பெயரோடேயே.