துப்பாக்கிக் கட்டைக்குள் ஒரு சுருள்வில்



என் பழைய மாணவன் ஒருவன் தேசிய சேவைப் பயிற்சிக்குச் சென்று திரும்பியதும் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தான். முகாமில் எம்16 துப்பாக்கியால் சுடக் கொடுத்தார்களாம். "ஐயா, வெடிச்சத்தம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில், கட்டைக்குள் 'டொய்ங்' என்று ஒன்று அதிர்ந்தது. அது என்ன?" என்று கேட்டான். "சுருள்வில்லாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரைகுறை விடை. பின்னர் தேடிப் படித்தபோதுதான் அந்தச் சுருள்வில்லுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது. தமிழாசிரியருக்குத் துப்பாக்கி எதற்கு என்று எவரும் புருவம் உயர்த்த வேண்டா. நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

நம் போர்ட் கிள்ளான் துறைமேடையில் கப்பல் வந்து அணையும் இடத்தில் கருநிற இரப்பர்த் தாங்கிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கப்பலும் சிதையாமல், மேடையும் சிதையாமல் மோதலை வாங்கிக்கொள்பவை அவை. எம்16 துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இருக்கும் 'பஃபர்' என்னும் உருளையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதற்கு வேலை அதிகம். தோட்டா வெடித்ததும் குழலிலிருந்து சிறிதளவு வாயு பின்னோக்கித் திரும்பி, தாழ்ப்பாளைத் தாங்கும் பகுதியைப் பின்னே தள்ளுகிறது. பஃபர் அதனோடு சேர்ந்தே பின்வாங்கிச் சுருள்வில்லை அமுக்குகிறது. சுருள்வில் மீண்டும் விரிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடுகிறது.

பஃபர் இலேசாக இருந்தால் எல்லாம் மிக விரைவாக நடந்து, வெற்றுத் தோட்டா சரியாக வெளியேறாமல் சிக்கும். மிகக் கனமாகவோ சுருள்வில் மிக விறைப்பாகவோ இருந்தால் வலுக்குறைந்த தோட்டாவால் அதை முழுமையாகப் பின்தள்ள முடியாது. அடுத்த தோட்டா ஏறாது. ஆகவே இவற்றைத் தனியே தேர்ந்தெடுக்க இயலாது. தோட்டாவினுள் இருக்கும் வெடிமருந்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த எளிய உண்மையை ஒரு வல்லரசு மறந்த கதைதான் இது.

முன்னதாக நம் மண்ணில் புழங்கிய எஸ்.எல்.ஆர். பற்றி ஒரு சொல். 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் நம் படையினர் கையில் இருந்தது அதுதான். வெறுமையாகவே நான்கு கிலோவுக்கு மேல் எடை. அதற்கும் சுருள்வில் பின்கட்டைக்குள்தான். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு. ஆனால் அதில் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அழுக்குப் படிந்தாலும் தோட்டா மாறினாலும் சிப்பாயே சரிசெய்துகொள்ளலாம். ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள எம்16 துப்பாக்கியில் அத்தகைய திருகு இல்லை. வெடிமருந்து, வாயுத்துளை, பஃபர், சுருள்வில் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் அது ஓடும்.

1964-இல் அமெரிக்கத் தரைப்படை, தோட்டாவின் வேகம் குறையாமலும் அறையின் அழுத்தம் மிகாமலும் இருக்க வேண்டும் என்று கருதி, முன்பு பயன்படுத்திய குச்சி வடிவ வெடிமருந்தைக் கைவிட்டு உருண்டை வடிவ வெடிமருந்தை ஏற்றது. புதிய மருந்து வாயுத்துளையில் கூடுதல் அழுத்தத்தைத் தந்தது. கரியும் அதிகமாகப் படிந்தது. சுடும் வேகம் நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் தாண்டி 1,000 வரை ஏறியது. துப்பாக்கியோ பழைய இலேசான பஃபரோடு அப்படியே இருந்தது. இதைவிடக் கொடுமை, தயாரிப்பு நிறுவனமான கோல்ட், பழைய மருந்துத் தோட்டாவைக் கொண்டே தன் துப்பாக்கிகளைச் சோதித்துத் தேர்ச்சி காட்ட அனுமதிக்கப்பட்டது! தேர்வுக்கு ஒரு வினாத்தாள், வாழ்க்கைக்கு வேறொன்று. போதாக்குறைக்குத் துப்புரவுக் கருவிகளும் பலருக்குத் தரப்படவில்லை. அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை.

விலையைக் கொடுத்தவர்கள் வியட்நாமில் இருந்த பத்தொன்பது, இருபது அகவைப் பையன்கள். 1967-இல் கே சான் குன்றுகளில் நடந்த சண்டைகளில், சிக்கிய துப்பாக்கியைப் பிரித்தபடியே இறந்து கிடந்தவர்களைப் பற்றி வீட்டுக்குக் கடிதங்கள் சென்றன. நாடாளுமன்ற உறுப்பினர் இக்கோர்ட் தலைமையிலான குழு விசாரித்து, அவ்வாண்டு அக்டோபரில் தரைப்படையைக் கடுமையாகச் சாடியது.

தீர்வுகளுள் ஒன்று, கோல்ட் நிறுவனப் பொறியாளர் ஃபாஸ்டர் ஸ்டர்டிவன்ட் வடிவமைத்த புதிய பஃபர். உள்ளே எஃகு எடைத்துண்டுகள், இடையிடையே இரப்பர் வில்லைகள். மொத்தம் ஏறத்தாழ 150 கிராம். தாழ்ப்பாள் மூடிய கணத்தில் அது துள்ளித் திரும்ப முயலும். அதே நேரத்தில் உள்ளிருக்கும் எடைகள் முன்னோக்கி நகர்ந்து மோதி அத்துள்ளலை அடக்கிவிடும். சுடும் வேகமும் குறைந்தது. 1966-இன் இறுதியிலிருந்து இது பொருத்தப்பட்டது. குரோமியப் பூச்சு அதன்பின் வந்தது. நம் நாட்டுப் படைக்கு வந்த எம்16ஏ1 இவ்வாறு திருத்தப்பட்ட வகையாகும். என் மாணவன் கன்னத்தருகே கேட்ட அதிர்வு அந்தப் பஃபரைத் தள்ளும் சுருள்வில்லினுடையது. அதற்கும் ஆயுள் உண்டு. விடுவித்த நிலையில் அதன் நீளம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கினால் மாற்றிவிட வேண்டும் என்பது படைத்துறை விதி.

1990-களில் நம் படை ஆஸ்திரியாவின் ஸ்டெயர் துப்பாக்கிக்கு மாறியது. அதன் அமைப்பே வேறு. இரண்டு வழிகாட்டிக் கம்பிகளோடு சுருள்வில்கள் இருக்கும். பின்னர் வந்த எம்4 மறுபடியும் பழைய குடும்பமே. குழல் குட்டை, வாயுத்துளை அறைக்கு அருகில், ஆகவே அழுத்தம் அதிகம். பின்கட்டையும் குட்டையானதால் பஃபரையும் குறுக்க வேண்டியதாயிற்று. எடை 85 கிராமுக்கு இறங்கியது. அது போதாதபோது ஓர் எஃகுத் துண்டை எடுத்துவிட்டு டங்ஸ்டன் துண்டை வைத்தார்கள், 108 கிராம். இரண்டை மாற்றினால் 130. நீளத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டும் வழி இது.

இந்த எம்4 சிலாங்கூரிலேயே, பத்து ஆராங்கில் உள்ள எஸ்.எம்.இ. ஆயுதத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. பத்து ஆராங் என்றால் நம் முன்னோருக்கு நிலக்கரிச் சுரங்கம். சீனரோடு தமிழரும் உழைத்து, 1960-இல் மூடப்பட்ட சுரங்கம். 1937-இல் அங்கு நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.