மூன்று வைரமும் அறுமீனும்: இரண்டு ஜப்பானியக் கார்களின் வரவு செலவு

நம் குடியிருப்பில் கார் பிரியர்களான இளைஞர்கள் இரண்டு பேர் லிஃப்ட் பக்கம் சந்தித்துக்கொண்டால் ஒரு விவாதம் நிச்சயம் உண்டு. "எவோவா, எஸ்.டி.ஐ.யா?" மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஒன்று, சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. மற்றொன்று. பார்வைக்கு இரண்டுமே நான்கு கதவுள்ள குடும்பக் கார். ஆனால் இஞ்சினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். கடிவாளத்தை விட்டால் பந்தயக் குதிரை.

வாகனக் கடன் விண்ணப்பங்களைப் பல வருடம் புரட்டிய எனக்கு வேகத்தைவிடப் பேரேட்டில்தான் கண் போகும். இந்தக் கார்களை வாங்கியவருக்கு என்ன கிடைத்தது, என்ன செலவானது, கடைசியில் யார் கைவிட்டார்கள் என்று பார்த்தால் அதில் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது.

ஒரே விமானத்தில் இரண்டு பங்காளிகள்

மிட்சுபிஷி 1870-ல் இவாசாகி யடாரோ தொடங்கிய கப்பல் தொழிலிலிருந்து வளர்ந்த பெரும் குழுமம். பெயருக்குப் பொருளே மூன்று சாய்சதுரம். அதுதான் நாம் பார்க்கும் மூன்று வைர முத்திரை. சுபாருவின் மூலம் 1917-ல் நகாஜிமா சிகுஹெய் ஆரம்பித்த நகாஜிமா விமான நிறுவனம்.

இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற 'ஜீரோ' போர் விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிஷி. ஆனால் அதில் ஓடியது நகாஜிமாவின் இஞ்சின். தயாரான ஜீரோ விமானங்களில் பாதிக்கும் மேல் நகாஜிமாவின் ஆலைகளில்தான் செய்யப்பட்டன. பிற்காலத்தில் காட்டுப் பாதைகளில் முட்டிக்கொண்ட இந்த இருவரும் ஒரு காலத்தில் ஒரே விமானத்துக்கு உழைத்த பங்காளிகள்.

போர் முடிந்ததும் ஜப்பானில் விமானம் செய்யத் தடை வந்தது. பெரும் குழுமங்களை உடைத்தார்கள். நகாஜிமாவின் ஆட்கள் மிச்சமிருந்த விமான வால் சக்கரங்களைப் போட்டு 'ராபிட்' என்ற ஸ்கூட்டர் செய்து பிழைத்தார்கள். சிதறிய துண்டுகளில் ஐந்து நிறுவனங்கள் 1953-ல் ஒன்றுசேர்ந்து ஃபியூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆயின. அந்த நிறுவனம் தன் கார்களுக்கு வைத்த பெயர்தான் சுபாரு. ஜப்பானிய மொழியில் அது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். பழந்தமிழில் அறுமீன் என்பார்கள். முத்திரையில் உள்ள ஐந்து சிறிய நட்சத்திரங்கள் சேர்ந்த நிறுவனங்கள், பெரியது சேர்ந்து உருவான நிறுவனம்.

1966-ல் வந்த சுபாரு 1000 காரில் பிஸ்டன்கள் படுத்த நிலையில் எதிரெதிராக இயங்கும் இஞ்சின் இருந்தது. குத்துச்சண்டைக்காரரின் இரண்டு கைகள் போல என்பதால் அதற்கு 'பாக்ஸர்' என்று பெயர். 1972-ல் பனிப் பிரதேசத் தேவைக்காக நான்கு சக்கர இயக்கம் கொண்ட லியோன் எஸ்டேட் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது, சுபாருவுக்கு நான்கு சக்கர இயக்கம் பந்தயத்துக்காக வந்ததல்ல, பனியில் வேலைக்குப் போகிறவர்களுக்காக வந்தது. பின்னால் வரும் கணக்குக்கு இது முக்கியம்.

விதிப் புத்தகம் பெற்ற பிள்ளைகள்

1980-ல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 'குவாட்ரோ' காரை வெளியிட்டது. அதன் பின் உலக ராலி பந்தயத்தில் நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் ஜெயிப்பது கடினமாயிற்று. 'குரூப் பி' என்ற பிரிவில் அசுர பலம் கொண்ட கார்கள் ஓடின. விபத்துகளில் உயிர்கள் போகவே, 1986-உடன் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். 1987 முதல் 'குரூப் ஏ' தான் மேல் பிரிவு.

அதன் விதி எளிமையானது. பந்தயத்தில் ஓட்ட வேண்டுமா? அந்தக் காரைப் பொதுமக்களுக்கு விற்பதற்காகவும் செய்ய வேண்டும். முதலில் 5,000 கார், பிற்பாடு 2,500. பந்தயக் காருக்கு அடிப்படை, கடையில் விற்ற கார்தான்.

மிட்சுபிஷி காலன்ட் காரிலும் சுபாரு லெகஸி காரிலும் முயன்று பார்த்தன. இரண்டும் உருவில் பெரியவை. அப்போது இத்தாலியின் லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை ஆறு வருடம் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டத்தைக் கையில் வைத்திருந்தது. ஆகவே இரண்டு ஜப்பானிய நிறுவனங்களும் ஒரே முடிவுக்கு வந்தன: பெரிய காரின் இஞ்சினைச் சின்னக் காருக்குள் வைப்பது. 1992-ன் கடைசி மாதங்களில், சில வார இடைவெளியில், லான்சர் எவல்யூஷனும் இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸும் வெளிவந்தன. இரண்டிலும் 2 லிட்டர் டர்போ இஞ்சின்.

விலை கட்டுக்குள் இருந்ததற்குக் காரணம் இதுதான். விற்றே ஆக வேண்டிய எண்ணிக்கை ஒன்று இருந்தது. எட்டாத விலை வைத்தால் 2,500 பேர் எங்கிருந்து வருவார்கள்? ஆகவே சாதாரண லான்சரின் உடல், சாதாரண இம்ப்ரெஸாவின் டாஷ்போர்டு, உள்ளே பந்தய இஞ்சின். நிறுவனத்தின் பந்தயச் செலவில் ஒரு பங்கை வாங்கியவருக்கே தள்ளுபடியாகக் கொடுத்த மாதிரி.

ஒரு புள்ளி வித்தியாசம்

ஓட்டுநர் பட்டத்தை 1995-ல் சுபாருவின் காலின் மெக்ரே வென்றார். 1996 முதல் 1999 வரை நான்கு வருடமும் மிட்சுபிஷியின் டோமி மாக்கினென். 1997-ல் மாக்கினெனுக்கு 63 புள்ளி, மெக்ரேவுக்கு 62. அடுத்த வருடம் இன்னும் விசித்திரம். கடைசிப் பந்தயத்தில் மாக்கினென் பாதியிலேயே விலக நேர்ந்தது. பட்டம் டொயோட்டாவின் கார்லோஸ் சாயின்ஸுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு அவர் கார் நின்றுபோனது. பட்டம் மாக்கினெனுக்கே வந்தது.

தயாரிப்பாளர் பட்டியலில் கதை தலைகீழ். சுபாருவுக்கு 1995, 1996, 1997 என மூன்று பட்டம். மிட்சுபிஷிக்கு 1998-ல் ஒன்றே ஒன்று. 2001-ல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-ல் பெட்டர் சோல்பெர்க் சுபாருவில் ஓட்டுநர் பட்டம் வென்றார்கள். கூட்டிக் கழித்தால் ஓட்டுநர் பட்டம் மிட்சுபிஷிக்கு நான்கு, சுபாருவுக்கு மூன்று. தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கு மூன்று, மிட்சுபிஷிக்கு ஒன்று. இளைஞர்களின் விவாதம் முடியாததற்கு இந்த ஐந்தொகையே போதும்.

சொந்தக்காரர் பக்கத்துக் கணக்கு

1997-ல் விதி மாறியது. 'வேர்ல்ட் ராலி கார்' என்ற புதுப் பிரிவில் பந்தயக் காரைப் போலவே 2,500 கார் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுபாரு உடனே அந்தப் பக்கம் போய்விட்டது. மிட்சுபிஷி 2001 வரை பழைய குரூப் ஏ விதியிலேயே நின்றது. இந்த ஒரு முடிவுதான் இரண்டு கார்களையும் வைத்திருப்பவரின் அனுபவத்தை வேறாக்கியது என்பது என் எண்ணம்.

எவல்யூஷன் அதுவரை பந்தயக் காரின் உடன்பிறப்பாகவே இருந்தது. 1996-ல் வந்த நான்காம் பதிப்பில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் மின்னணு ஏற்பாடு வந்தது. வளைவில் கார் தானாகவே உள்பக்கம் திரும்புவது போலிருக்கும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். சர்வீஸ் இடைவெளி குறைவு. பிரிட்டனில் 4,500 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 7,200 கிலோமீட்டர். பெட்ரோல் டேங்க் சிறியது. பத்தாம் பதிப்பில் அந்தப் பின்சக்கர ஏற்பாட்டின் பம்ப் துருப்பிடித்துப் பழுதாவது பலர் அறிந்த சங்கதி. மாற்றினால் கணிசமான செலவு.

சுபாருவின் பாரம்பரியம் பனிப் பாதை அல்லவா? இம்ப்ரெஸா அன்றாடம் ஓட்டக் கொஞ்சம் சாதுவான வண்டி. படுத்த இஞ்சினால் எடை கீழே நிற்கும். நான்கு சிலிண்டரின் புகைக்குழாய்கள் சம நீளத்தில் இல்லாததால் வரும் அந்தக் கடகட ஓசைக்கே ஒரு ரசிகர் கூட்டம். அதற்கும் விலை உண்டு. இஞ்சின் படுத்திருப்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றக் கையை ஓரத்தில் நுழைக்க வேண்டும். மெக்கானிக்குக்கு வேலை கூடினால் நமக்குக் கூலி கூடும். ஏற்றுமதிக்கு வைத்த 2.5 லிட்டர் டர்போ இஞ்சினில் பிஸ்டன் வளையம் அமரும் பகுதி உடைவது பேர் கெட்ட குறை. மிட்சுபிஷியின் பழைய 2 லிட்டர் இஞ்சின் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது. கூடுதல் சக்திக்குத் தாங்கும் என்று அதற்கு நல்ல பெயர்.

இரண்டுக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே போய்விடும். எவல்யூஷன் பத்தாம் பதிப்பில்தான் செயின் வந்தது. நான்கு சக்கர இயக்கத்தில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் பல சமயம் நான்கையும் மாற்ற வேண்டும். பிரிட்டனில் இரண்டும் திருடர்களுக்கும் பிடித்த கார்கள் என்பதால் காப்பீட்டுப் பிரீமியம் உச்சத்தில் இருந்தது. காரின் விலை முதல் தவணை மட்டுமே என்பதற்கு இவற்றைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என் தீர்ப்பு? ஞாயிற்றுக்கிழமை காலை மலைப்பாதைக்கு எவல்யூஷன். திங்கள் முதல் சனி வரை அலுவலகத்துக்கும் போக வேண்டுமென்றால் இம்ப்ரெஸா.

காருக்குச் சொந்தக்காரர் நாம், கம்பெனிக்கு?

இது யாரும் அதிகம் பேசாத பக்கம். 2000-ல் மிட்சுபிஷி மோட்டார்ஸ், வாடிக்கையாளர்களின் புகார்களைப் பல வருடங்களாக அரசிடம் மறைத்ததை ஒப்புக்கொண்டது. அதே வருடம் டெய்ம்லர் கிரைஸ்லர் 34 சதவீதப் பங்கை வாங்கியது. 2004-ல் மேற்கொண்டு பணம் போட மறுத்தது. 2005 பருவத்துடன் மிட்சுபிஷி உலக ராலியை விட்டது. 2016-ல் மைலேஜ் கணக்கில் செய்த தில்லுமுல்லு வெளிவந்தபின் நிசான் 34 சதவீதத்தை வாங்கியது. எவல்யூஷனின் இறுதிப் பதிப்பு அதற்கு முன்பே, 2015-ல், ஜப்பானுக்கு 1,000 கார் என்று அறிவிக்கப்பட்டு முடிந்துவிட்டது.

சுபாருவும் கை மாறாமலில்லை. 1999-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 20 சதவீதம் வாங்க முன்வந்தது. அதனால்தான் சுபாருவின் ஃபாரெஸ்டர் நம் நாட்டில் 'செவர்லே ஃபாரெஸ்டர்' என்ற பெயரில் விற்றது. 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பங்கை விற்றபோது ஒரு பகுதியை டொயோட்டா எடுத்துக்கொண்டது. 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரச் சரிவின் நடுவே, சுபாரு ராலியை விட்டது. ஜப்பானில் பழைய 2 லிட்டர் இஞ்சினுக்கு 2019-ல் 555 கார்களுடன் விடை கொடுத்தார்கள். 2022-ல், புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். அடித்தளத்தில் பெட்ரோல் எஸ்.டி.ஐ. வராது என்று நிறுவனமே அறிவித்தது.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் லான்சர் தயாரித்தது. முன்சக்கர இயக்கம், சாது இஞ்சின். ஆனால் உடல் எவல்யூஷன் 4, 5, 6 பதிப்புகளின் அதே தலைமுறை. மாக்கினென் பட்டம் வென்ற காரின் ஒன்றுவிட்ட தம்பி நம் சாலைகளில் ஓடியது. இன்று அந்த ஆலையில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. பழைய லான்சர் வைத்திருப்பவர்கள் உதிரிபாகம் தேடி அலைகிறார்கள்.

ஆகவே பழைய கார் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குதிரைத் திறன் எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கார் ஏன் செய்யப்பட்டது, அந்தக் காரணம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்றும் கேளுங்கள். எவல்யூஷனும் எஸ்.டி.ஐ.யும் பிறந்ததற்குக் காரணம் ஒரு பந்தய விதி. விதி போனது, பந்தயம் போனது, பிறகு கார்களும் போயின. இன்று நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு ஏலத்தில் பெரிய விலை. 1998-ல் ஜப்பானுக்கு வெறும் 400 மட்டும் செய்த இம்ப்ரெஸா '22பி' சேகரிப்பாளர்களின் கனவுப் பொருளாகிவிட்டது. பட்டறை வாசலில் காத்திருந்து, நான்கு டயரையும் சேர்த்து மாற்றி, சர்வீஸ் ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்தவர்களின் கார்கள்தான் அந்த விலைக்குப் போகின்றன.