பூனையின் உரோமம்: குராசானிலிருந்து டொராண்டோ வரை

பூனை அசுத்தமானதன்று, அது மனிதரைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என்னும் கருத்தமைந்த நபிமொழியை அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வீட்டில் பெற்ற இந்த உரிமையோடு பூனை அறிஞர்தம் ஏடுகளிலும் புகுந்தது. பஸராவின் ஜாஹிழ் (மறைவு ஹி. 255) 'கிதாபுல் ஹயவான்' நூலிலும், எகிப்தின் தமீரீ (மறைவு ஹி. 808) 'ஹயாத்துல் ஹயவான்' நூலிலும் அதைப் பற்றி எழுதினர்.

1620இல் இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வல்லே, இஸ்ஃபஹானிலிருந்து எழுதிய கடிதத்தில் குராசானின் நீளுரோமப் பூனைகளை வியந்து, அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்ல விரும்பினார். பிற்கால ஐரோப்பா கொண்டாடிய அவ்வழகின் காரணம் 2007இல் துலங்கிற்று. உரோமத்தின் வளர்ச்சியை உரிய எல்லையில் நிறுத்துவது எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதுற்ற பிரதியே வந்து சேர்ந்தால், நிறுத்தும் ஆணை செயலிழக்கிறது, உரோமம் நீள்கிறது.

1966இல் கனடாவின் டொராண்டோ நகரில் உரோமமற்ற குட்டியொன்று பிறந்தது. அதன் வழி நிலைக்கவில்லை. 1970களில் கிடைத்த வேறு பூனைகளிலிருந்தே இன்றைய ஸ்ஃபிங்ஸ் இனம் உருவாக்கப்பட்டது. உரோமத்துக்கு உறுதியளிக்கும் கெரட்டின் புரதங்களுள் ஒன்றை உண்டாக்கும் கே.ஆர்.டி.71 மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என 2010இல் அறியப்பட்டது. 1960இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தோன்றிய சுருளுரோமப் பூனைக்கும் அதே மரபணுவின் வேறொரு மாற்றமே காரணம்.

இவற்றுள் எது அழகு, எது குறை? ஃபிக்ஹு நூல்களில் விற்பனைப் பொருளின் 'ஐப்', அதாவது குறை, வணிகர் வழக்கில் அதன் விலையைத் தாழ்த்துவதைக் கொண்டே பெரிதும் அளக்கப்படுகிறது. அந்த அளவுகோலின்படி உரோமமின்மை குறையாகாது. இன்று அது விலையை உயர்த்தும் தகுதி! ஆனால் குளிரைத் தாங்கவும் வெயிலைத் தடுக்கவும் போர்வையற்ற அந்தப் பூனையிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும். தோலில் சுரக்கும் எண்ணெயை ஈர்த்துக்கொள்ள உரோமம் இல்லாததால், அதை அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டியுள்ளது.

இயல்பாகத் தோன்றும் மாற்றம் அல்லாஹ்வின் படைப்பே. அதோடு பிறந்த பூனையைப் பேணுவது நற்செயல். ஆயின், அதன் துன்பத்தை அறிந்தும், விலைக்காகவே அதே பழுதைத் தேடி இணை சேர்ப்பது நம் செயல். பூனையைக் கட்டிவைத்து, உணவளிக்காமலும், இரை தேட விடாமலும் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானதைப் புகாரி, முஸ்லிம் நூல்களில் படிக்கிறோம். அவள் வருத்தியது ஒரு பூனையை. ஒரு பரம்பரையையே துன்பத்தில் பிறப்பிப்போரின் பொறுப்பு எத்தகையது என்பதை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராய்ந்து உரைக்க வேண்டும்.